ஆறு பேருக்கு மட்டும்

கோட்டை வட்டாரத்தில் நான் வேலை பார்த்த கட்டடத்தின் வாசலில் பித்தளைப் பலகைகள் வரிசையாகப் பளபளக்கும். தேயிலைக் கம்பனி, கப்பல் கம்பனி, காப்புறுதிக் கம்பனி. எந்தப் பெயரை வாசித்தாலும் ‘லிமிட்டெட்’ என்று முடியும். உள்ளே லிப்டிலும் ஒரு பலகை உண்டு. ஓட்டுகிறவரைத் தவிர ஆறு பேருக்கு மட்டும் என்று அதில் எழுதியிருந்தது. அந்த லிப்டை ஓட்டிய யேசுரட்ணம் ஐந்து பேருக்கு மேல் ஏற்றமாட்டார்.

இதனால் அடிக்கடி சண்டை வரும். ஒருநாள் கப்பல் கம்பனி டைரக்டர் ஆறாவது ஆளாகக் காலை உள்ளே வைத்தார். யேசுரட்ணம் கையை நீட்டி மறித்தார்.

“ஆறு பேர் எண்டு போட்டிருக்கே, வாசிக்கத் தெரியாதா?”

“தெரியும் சேர். ஆறு பேர்தான் நிக்கினம்.”

டைரக்டர் எங்களை எண்ணினார். பிறகு இன்னொரு தரம் எண்ணினார். ஐந்து பேர்தான். முகம் சிவக்கப் படியேறிப் போய்விட்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் லிப்ட் மேலே போகும்போது பார்த்தால், நாங்கள் ஐந்து பேரும் எங்களை அறியாமலே சுவரோரமாக ஒதுங்கி, நடுவில் கொஞ்சம் இடம் விட்டு நின்றுகொண்டிருந்தோம்.

கட்டடத்தில் அவருக்கு ‘லிமிட்டெட் யேசுரட்ணம்’ என்று பெயர் விழுந்தது. மனிதருக்கு எண்ணத் தெரியாது என்று சிலர் சொன்னார்கள். காலையிலேயே போத்தல் என்று சிலர் சொன்னார்கள். இரண்டும் பொய். அவர் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். தகப்பன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். மகன் சுமக்க வேண்டாம் என்று யாரையோ பிடித்து இந்த வேலையை வாங்கிக் கொடுத்திருந்தார். யேசுரட்ணம் நல்ல பருத்த ஆள். வெள்ளைச் சீருடையின் பித்தளைப் பொத்தான்கள் வயிற்றுப் பக்கத்தில் எப்போதும் தெறித்துவிடும்போல இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை தவறமாட்டார். குடிக்கமாட்டார்.

நான் விசாலம். வெள்ளவத்தையில் வீடு, மூன்றாம் மாடியில் வேலை. கம்பனிகளைப் பதிவு செய்து கொடுக்கும் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். ஒரு நாளைக்கு எத்தனை தரம் ‘லிமிட்டெட்’ என்று தட்டியிருப்பேன் என்று கேட்டால் என் விரல்தான் சொல்ல வேண்டும். பேய் பிசாசு என்று என்னிடம் யாரும் கதைக்கக் கூடாது. காலி வீதிக் கூட்ட நெரிசலில் ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கிறவளுக்கு அதைவிடப் பெரிய பேய் கிடையாது.

அப்படிப்பட்ட நான்தான் அதைக் கவனித்தேன். கடைசி ஆள் ஏறிய பிறகும் யேசுரட்ணம் உடனே கிராதிக் கதவை இழுத்து மூடுவதில்லை. ஒரு மூச்சு விடும் நேரம் திறந்தே வைத்திருப்பார். பெரிய மனிதர் ஒருவர் பின்னால் வருகிறார் என்று காத்திருப்பதுபோல் தலையைச் சற்றுக் குனிந்திருப்பார். பிறகுதான் மூடுவார்.

பழைய லிப்ட் என்பதால் யார் ஏறினாலும் தளம் கொஞ்சம் அமிழ்ந்து எழும். ஒருநாள் காலையில் நான் மட்டும் ஏறினேன். தளம் அமிழ்ந்து எழுந்தது. அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். வாசலில் யாரும் இல்லை. தளம் மறுபடியும் அமிழ்ந்தது. என்னுடையதைவிடக் குறைவாக, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ஏறினால் எவ்வளவு அமிழுமோ அவ்வளவு. என் உள்ளங்காலில் அதை நான் உணர்ந்தேன். அவர் கதவை மூடினார்.

“யாருக்காகப் பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க யேசுரட்ணம்?” என்று கேட்டேன்.

அவர் லிப்டை ஓட்டும் கைபிடியைத் திருப்பினார். மூன்றாம் மாடி வந்ததும், “மிஸ், உங்கட ஒபீசில லிமிட்டெட், லிமிட்டெட் எண்டு எழுதிறீங்களே. அப்பிடியெண்டால் என்ன?” என்று கேட்டார்.

பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்தேன். “கம்பனி விழுந்தாலும் முதலாளி போட்ட பங்கோட போச்சு, வீட்டைத் தொட முடியாதுன்னு அர்த்தம். பொறுப்புக்கு ஒரு எல்லை போட்டாச்சு.”

“எல்லை போடாட்டி?”

“போடாட்டி எல்லாம் வரும். வீடு, வாசல், பானை சட்டி, எல்லாம். எங்கப்பாட செட்டியார் தெருக் கடை அப்படித்தான் போச்சு. அம்மாட கழுத்துல கிடந்ததும் போச்சு. இல்லாட்டி நான் ஏன் இங்க வந்து தட்டிக்கிட்டு இருக்கப்போறன்?”

அவர் முகம் வெளுத்துவிட்டது. “பூசையில சாமியார் கடவுளை அளவில்லாதவர் எண்டு சொல்லுவார் மிஸ். நான் அதை நல்ல சொல்லு எண்டெல்லோ நினைச்சிருந்தனான்” என்றார்.

“கடவுளுக்கு அது நல்ல சொல்தான். கடைக்காரனுக்கு அதுதான் தூக்குக்கயிறு” என்று சொல்லிவிட்டு என் மேசைக்குப் போனேன். என் வாய் அப்படி.

அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் படிக்கட்டில் உட்கார்ந்து கதையைச் சொன்னார். ஒரே மகள், மரியகொறற்றி. முந்தின வருடம் அவளுக்குத் தொண்டை அடைப்பான் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூச்சு இழுக்கிற சத்தம் வார்டுக்கு வெளியிலும் கேட்டதாம். டொக்டர் கையை விரித்த பிறகு யேசுரட்ணம் கொச்சிக்கடைக் கோயிலுக்கு, அந்தோனியாரிடம் ஓடினார். கொட்டாஞ்சேனையில் நேர்த்தி வைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. இத்தனை செவ்வாய்க்கிழமை வருவேன், இத்தனை மெழுகுதிரி கொளுத்துவேன், வெள்ளியில் செய்த ஒரு பிள்ளை உரு வைப்பேன் என்று அளவு சொல்லித்தான் நேர வேண்டும். சொன்னதைச் செய்தால் தீர்ந்தது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். யேசுரட்ணத்துக்கு அந்த நேரத்தில் அளவு வாயில் வரவில்லை. “பிள்ளையைத் தாரும், என்னவும் எடுத்துக்கொள்ளும்” என்று கத்திவிட்டார்.

பிள்ளை பிழைத்துவிட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது மனைவி நேசம் முதலில் கேட்டது, “நேர்த்திக்கு அளவு சொன்னனீங்களோ?” என்பதுதான். அவர் இல்லை என்றதும் அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாளாம்.

“அடுத்த நாள் வேலைக்கு வந்தனான். ஒருத்தரும் ஏறேல்லை. லிப்ட் அமிழ்ந்தது” என்றார் யேசுரட்ணம்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அவர் கண்ணைப் பார்த்தேன், சொல்லவில்லை. எழுதாத வாக்குக்குச் சட்டத்தில் சில வருடம்தான் ஆயுள், பிறகு காலாவதியாகிவிடும் என்று ஆறுதலாகச் சொன்னேன். அந்தச் சட்டத்துக்குள் அந்தோனியார் வருவாரா என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை.

வருடங்கள் போயின. ஒன்றும் காலாவதியாகவில்லை. லிப்டுக்கு இன்ஜினியர் வந்து இரும்புக்குண்டுகளை ஏற்றி இறக்கிப் பார்த்தார். ஒரு பழுதும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் கைபிடியைப் பிடித்தபோது லிப்ட் மாடியோடு மட்டமாக நின்றது. யேசுரட்ணம் பிடித்தபோது ஒரு விரற்கடை தாழ நின்றது. எல்லாம் அவருடைய கைப்பழக்கம் என்று இன்ஜினியர் சொன்னார். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் என் காலுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. அந்த இரண்டாவது அமிழ்வு வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளையின் கனம் ஒரு குமரியின் கனமாயிற்று. சில நாட்களில் அது என் பக்கத்திலேயே நிற்கும். அந்தப் பக்கத்துத் தோள் மட்டும் சில்லிட்டிருக்கும். நான் பலகையையே பார்த்துக்கொண்டு போவேன். படியேறிவிடலாமா என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். என் முழங்கால் சம்மதிக்கவில்லை.

அரிசி கூப்பனுக்குள் அடங்கிக் கிடந்த காலம் அது. வீட்டில் அரிசிக்கு லிமிட், சீனிக்கு லிமிட், துணிக்கு லிமிட். லிமிட் இல்லாமல் கிடைத்தது கியூ ஒன்றுதான். அந்த நாட்களில் எங்கள் அலுவலகத்தில் ஒரு டைப்பிஸ்ட் வேலை காலியாயிற்று. விண்ணப்பித்தவர்களில் மரியகொறற்றியும் ஒருத்தி. நன்றாகத் தட்டினாள். முதலாளி தண்டாயுதபாணி ஐயா அன்றைக்கே கூப்பிட்டு மறுநாள் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

யேசுரட்ணம் என்னைப் படிக்கட்டில் மறித்துக்கொண்டார்.

“மிஸ், வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. வேற எங்கயும் வேலை எடுத்துக் குடுங்கோ. இந்தக் கட்டடம் வேண்டாம்.”

“ஏன், லிப்ட் ஓட்டுறவர் மகள்னு சொல்லிடுவாங்கன்னா?”

“அது அவளின்ர அளவுக்கு வளந்து நிக்குது மிஸ்.” லிப்ட் பக்கம் கையைக் காட்டினார். “அவளுக்காகத்தான் காத்துக்கொண்டு நிக்குது. அவள் ஏறினால் அவளை எடுத்திடும். என்னவும் எடும் எண்டு நான்தானே சொன்னனான்.”

அவளிடம் இதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. லிப்டில் ஏறாதே, படியால் போ என்று மட்டும் சொன்னார். அவளோ, தன்னை மகள் என்று காட்டிக்கொள்ள அப்பாவுக்கு வெட்கம் என்று எடுத்துக்கொண்டாள். மூன்று மாடியும் ஏறி வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசையில் உட்காருவாள். எனக்கு இரண்டு பேர்மேலும் எரிச்சல் வந்தது. தகப்பனும் மகளும் ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் தின்கிறார்கள், ஒரு வார்த்தை கதைத்தால் என்ன?

இதற்கிடையில் அலுவலகத்தில் அவளுக்குப் ‘பூனை’ என்று பெயர் வந்துவிட்டது. அவள் வருவது யாருக்கும் கேட்பதில்லை. எங்கள் மாடிப்படி பலகைப்படி. பியோன் வந்தாலே வீடு இடிவதுபோல் சத்தம் போடும். அவள் குதியுயர்ந்த சப்பாத்தோடு ஏறி வருவாள், ஒரு முனகல் கேட்காது. திடீரென்று முதுகுக்குப் பின்னால் நிற்பாள். ஷபீகா என்ற டைப்பிஸ்ட் இரண்டு தரம் பயந்து தேத்தண்ணீரை மேசையில் கொட்டிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நேசம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். கொட்டாஞ்சேனைச் சந்துக்குள் மேல்மாடி வீடு, பலகைத் தளம். நேசம் மீன்குழம்பை வைத்துவிட்டு நடந்தால் தட்டுகள் குலுங்கின. யேசுரட்ணம் நடந்தால் சுவரில் தொங்கிய திருஇருதயப் படமே ஆடியது. மரியகொறற்றி போகும்போதும் வரும்போதும் ஒன்றும் அசையவில்லை. அவள் பிரம்புக் கதிரையில் உட்கார்ந்தாள். பிரம்பு பதியவில்லை.

அவள் கீழே தண்ணீர் எடுக்கப் போனதும், “நேசமக்கா, பிள்ளை எப்பவும் இப்படியா நடக்கும்?” என்று கேட்டேன்.

“ஆஸ்பத்திரியால வந்த நாள் தொடக்கம் அப்பிடித்தான் மிஸ். அதுக்கு முந்தி ஓடித் திரிஞ்சால் கீழ்வீட்டுக்காரர் வந்து ஏசுவினம்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “ராவில மூச்சு வருதோ எண்டு இப்பவும் போய்ப் பாக்கிறனான்.”

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறவள் அல்ல நான். ஆனால் அந்த முடிச்சு என் கண்முன்னே தானாக விழுந்தது. லிப்டில் நிற்பது அவளைத் தூக்கிப்போக வந்த எதுவும் அல்ல. அது அவளேதான். அவளுடைய கனம் அங்கே ஈடாக நிற்கிறது. வீட்டுக்கு வந்தது மீதி. என் கையில் இருந்த சோறு குளிர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை காலையில் இதை யேசுரட்ணத்திடம் சொன்னேன். கீழே நின்ற லிப்டுக்குள் நாங்கள் இரண்டு பேர்தான். மூன்று பேர் என்று சொன்னாலும் தப்பில்லை. அவர் கைபிடியை விட்டார். பிறகு தன் பக்கத்தில், வெறும் இடத்தில், கையை மெதுவாகக் கொண்டுபோனார். ஒரு தலையைத் தடவுகிற உயரத்தில் அந்தக் கை நின்றது.

“இவ்வளவு காலமும் என்ர பிள்ளைக்கோ நான் பயந்துகொண்டு நிண்டனான்?” என்றார். அழுதார். பிறகு, “ஈடு வச்சதை மீட்க என்ன குடுக்கவேணும் மிஸ்?” என்று கேட்டார்.

“எனக்குக் கம்பனிச் சட்டம்தான் தெரியும். எல்லை போடாத இடத்துல கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு” என்றேன்.

அவர் தலையாட்டினார். சீருடையின் கடைசிப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார்.

மரியகொறற்றி வாசலால் வந்து வழக்கம்போல் படிப்பக்கம் திரும்பினாள். “பிள்ளை, இஞ்ச வா. லிப்டில ஏறு” என்று கூப்பிட்டார். அவள் நின்று பார்த்தாள். பக்கத்தில் கப்பல் கம்பனி ஆட்கள் இருந்தார்கள். அவர், “என்ர மகள். மூண்டாம் மாடியில டைப்பிஸ்ட்” என்று அவர்களுக்குச் சத்தமாகச் சொன்னார். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை இப்போதும் என்னால் மறக்க முடியாது.

அவள் உள்ளே காலை வைத்தாள். தளம் அமிழவில்லை. அவர் உள்ளே நின்ற என்னைத் தவிர வேறு யாரையும் ஏற்றாமல் கதவை மூடினார். லிப்ட் மேலே போகத் தொடங்கியது. அவருடைய உதடு அந்தோனியாரைக் கூப்பிட்டு அசைந்துகொண்டிருந்தது. இரண்டாம் மாடியைத் தாண்டும்போது விளக்கு மங்கியது. மாடிகளுக்கு நடுவில், இருபக்கமும் செங்கல் சுவர் மட்டும் தெரிகிற இடத்தில், லிப்ட் தானாக நின்றது. கைபிடி அவர் கையில் அப்படியே இருந்தது. மூடிய கதவுக்குள் குளிர்ந்த காற்று ஒன்று சுழன்றது. அதில் மெழுகுதிரி அணைத்த மணம் இருந்தது. மரியகொறற்றி “அம்மா” என்று முனகி என் தோளைப் பிடித்தாள். அந்தப் பிடி நொடிக்கு நொடி கனத்தது. என் எலும்பு நொந்தது.

“அப்பா, கால் கனக்குது.”

“ஓம் பிள்ளை. கனக்கட்டும். பயப்படாத” என்றார் அவர். அவருடைய குரல் எங்கோ அடுத்த அறையிலிருந்து வருவதுபோல் இருந்தது.

லிப்ட் மறுபடி கிளம்பியது. மூன்றாம் மாடியில் மட்டமாக நின்றது. கதவு திறந்ததும் அவள் வெளியே போனாள். டக், டக் என்று சப்பாத்துச் சத்தம் நடை முழுவதும் எதிரொலித்தது. ஷபீகாவும் மற்றவர்களும் தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். அவளும் நின்று தன் காலையே பார்த்தாள். பிறகு வேண்டுமென்றே ஒரு தரம் தரையில் மிதித்துப் பார்த்துச் சிரித்தாள்.

வேலை நேரத்தில் லிப்டை விட்டு இறங்காத யேசுரட்ணம் அன்று இறங்கி, அவள் நடப்பதைக் கடைசிவரை நின்று கேட்டார். பிறகு திரும்பி லிப்டுக்குள் ஏறினார். நான் உள்ளேதான் நின்றிருந்தேன். அவ்வளவு பருத்த மனிதர் ஏறினார், தளம் அசையவே இல்லை. நான் அவரைப் பார்த்தேன். அவரும் தன் காலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீங்க இறங்கேல்லையோ மிஸ்? இது உங்கட மாடி” என்றார்.

அன்றிலிருந்து ஆறு பேரை ஏற்றினார். ‘லிமிட்டெட்’ என்ற பட்டப்பெயரும் மெல்ல மறந்துபோயிற்று. மனிதர் முன்பு போலவே பருமன்தான், முன்பைவிடக் கலகலப்பும்கூட. மகளுக்குக் கலியாணம் பேசினார். பென்ஷனுக்கு இன்னும் இவ்வளவு காலம்தான் என்று கணக்குப் பார்த்தார். ஆனால் காற்று பலமாக அடிக்கிற நாட்களில் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் தெருவைப் பார்ப்பார். எதிர்ப்பக்கத்தால் யாராவது வேகமாக வந்தால் இவர் ஒதுங்க வேண்டியிருக்காது, அந்தக் காற்றே அவரை ஒதுக்கிவிடும். ஒரு வார்த்தை குறை சொல்லிக் கேட்டதில்லை. எனக்குத்தான் கோபம் வரும். யார்மேல் என்று சொல்லத் தெரியாத கோபம்.

மகள் கலியாணம் முடிந்த அடுத்த மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார். செத்தவீட்டுக்கு நான் போனபோது பெட்டியை மூடியிருந்தார்கள். மேல்மாடியிலிருந்து ஒடுங்கிய படியால் இறக்க வேண்டும். துறைமுகத்துப் பெடியன்கள் நாலு பேர், வேலுசாமி என்பவன் முன்னால். இவ்வளவு பருத்த ஆளை எப்படி இறக்கப்போகிறோம் என்று காலை அகட்டி, மூச்சைப் பிடித்து, சேர்ந்து தூக்கினார்கள். பெட்டி விசுக்கென்று எழும்பி நிலையில் இடித்தது. வேலுசாமி பதறி அதைக் கீழே வைத்தான்.

“உள்ள ஆள் இருக்கா? திறந்து பாருங்க” என்றான். யாரும் கிட்டப் போகவில்லை. நேசம் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

மரியகொறற்றி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். அவள் வந்த ஒவ்வொரு அடிக்கும் பலகை முனகியது.

“மிஸ், உங்களுக்குத் தெரியும். எனக்காக அப்பா அந்தோனியாரிட்ட எவ்வளவு நேர்ந்தவர்?”

“அளவு சொல்லல” என்றேன்.

அவள் பெட்டியடிக்குப் போனாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வேலுசாமியைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, குனிந்து தலைமாட்டுப் பக்கத்தைத் தனியாகவே தூக்கினாள்.